முனியராஜ் கேட்ட குளியல்

ஆனைக்குட்டத்தில் முனியராஜ் சொல்வதை அப்படியே நம்புகிற ஜீவன்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று அவன் மகள் எழில். இன்னொன்று அவன் வளர்த்த வெள்ளாட்டுக்குட்டி. குட்டியும் வளர்ந்து கிடாயானதும் நம்புவதை நிறுத்திக்கொண்டது.

அணை வற்றிக் கிடந்த ஒரு கோடையில், கெளுத்தி மீன் ஒன்று குடை பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னவன் அவன். "குடை என்ன கலருலே?" என்று மடக்கினார்கள். "கறுப்புதான். கெளுத்தி நிறத்துக்கு வேற கலரு எடுக்குமா?" என்று கண் சிமிட்டாமல் பதில் சொன்னான். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், நம்பியதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாதே என்று சிரித்தார்கள்.

அவனுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்றக் காட்டு வேலை குறைந்தது. காட்டுக்குப் போன கால்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறின. முனியராஜும் பத்தாவது முடித்த கையோடு ஏறினான். முதலில் பேக்கிங். பிறகு லோடு ஏற்றுவது. கடைசியில் மருந்து ரூம்.

மருந்து என்றதும் ஆஸ்பத்திரியை நினைக்க வேண்டாம். பூச்சட்டியை, அதாவது புஸ்வாணத்தை, வெள்ளைவெளேரென்று பூக்க வைக்கிற பொடிக்குத்தான் அந்தப் பக்கத்தில் மருந்து என்று பேர். அதைக் கலக்கிற அறை மற்ற கட்டடங்களை விட்டுத் தள்ளி, யாரோடும் சேராத பிள்ளை மாதிரி தனியாக நிற்கும். வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைக் கையால் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். வாயைத் திறந்தால் ஊரையே சுற்றிவிடுகிற முனியராஜ் அந்த அறைக்குள் போனால் ஊமை. தும்மல் வந்தால்கூட ஒரு முறை யோசித்துவிட்டுத்தான் தும்முவான்.

வெளியே வரும்போது அவன் வெள்ளிச் சிலை. அலுமினியப் பொடி தலைமுடியிலிருந்து கால் நகம்வரை படிந்து மினுங்கும். கம்பெனிக் குழாயில் எவ்வளவு கழுவினாலும் காது மடலிலும் புருவத்திலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்பைப் பாதி கரைத்தால்தான் அது போகும். அப்படிக் குளிக்காமல் பிள்ளையைத் தொடுவதில்லை என்று எழில் பிறந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டான்.

முடிவு செய்வது சுலபம். தவழ்கிற பிள்ளைக்கு அது தெரியுமா? அப்பனைக் கண்டதும் நாலு காலில் பாய்ந்து வந்தது. அவன் முற்றத்தைச் சுற்றி ஓடினான். பிள்ளை துரத்தியது. ஆடும் சேர்ந்துகொண்டது. பிள்ளைக்கு விவரம் வந்ததும் முனியராஜ் தனக்குக் கைவந்த வித்தையை எடுத்தான்.

"அங்கனயே நில்லு ஆத்தா. நான் உங்க அப்பா இல்ல. நிலாவுல இருந்து வந்த வெள்ளி மனுசன். உங்க அப்பாவை வயித்துக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன். என்னைத் தொட்டா அவரு உள்ளேயே தங்கிருவாரு. குளிச்சாத்தான் வெளிய வருவாரு."

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. எழில் வாசற்படியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். வெள்ளி மனுசனும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்பான். நிலாவில் இன்றைக்கு என்ன விசேஷம் என்று ஒரு புளுகு சொல்வான். பிறகு வீட்டுக்குப் பின்னால் போவான். தண்ணீர் சத்தம் நின்றதும், "எழிலு... அப்பா வந்தாச்சு!" என்று குரல் வரும். பிள்ளை பாய்கிற பாய்ச்சலில் துண்டு கட்டிய மனுசன் தடுமாறிச் சுவரில் சாய்வான்.

"அப்பனுக்கும் மகளுக்கும் கூத்துக்குக் குறைச்சலே இல்ல" என்று வேல்விழி தலையில் அடித்துக்கொள்வாள். அவன் பெண்டாட்டி. வாய்க்குள் சிரித்துக்கொண்டுதான் அடித்துக்கொள்வாள்.

ஆனால் பிள்ளைக்குச் சொல்கிற புளுகு பெண்டாட்டியிடம் எடுபடுமா? ஒருநாள் முழங்கைக்குக் கீழே துணி சுற்றிக்கொண்டு வந்தான். கேட்டதற்கு, கிடாய் முட்டிவிட்டது என்றான். வேல்விழியும் பட்டாசு வேலைக்குப் போகிறவள்தான், வேறொரு கம்பெனியில் திரி வைக்கிறாள். மறுநாள் வேனில் பக்கத்து சீட்டுக்காரி, "உங்க வீட்டுக்காரரு தப்பிச்சது சாமி புண்ணியம்" என்று சொல்லித்தான் மருந்து ரூமில் பொறி தெறித்த சங்கதியே அவளுக்குத் தெரிந்தது.

"ஏன் பொய் சொன்னீக?"

"நீ பயப்படுவேன்னு..."

"பயப்படத்தான் செய்வேன். பயப்படுறதுக்குக்கூட எனக்குப் பாத்தியதை இல்லையா? நீங்க சொல்றதுல எது நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இதற்கும் முனியராஜ் ஒரு வேடிக்கைப் பேச்சைப் போட்டான். அது வேலைக்கு ஆகவில்லை. வேல்விழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சூலக்கரையில் இருக்கிற அண்ணன் சங்கிலிமுத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் வக்கீலைப் பார்த்தான். முனியராஜின் அக்கா இருளம்மாள், "நமக்கு மட்டும் வக்கீலுக்குப் பஞ்சமாலே?" என்று தம்பியை இழுத்துக்கொண்டு இன்னொரு வக்கீலிடம் போனாள். இப்படியாக, ஒரு முழங்கைப் புண் குடும்பக் கோர்ட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது.

முனியராஜ் கேட்டது பெரிசாக ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழிலைக் கூட்டிக்கொண்டு போய் ஆனைக்குட்டத்தில் வைத்திருந்து, திங்கள் காலையில் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால், மாதத்தில் ஏதோ ஒரு நாள் கோர்ட்டு அறையில் ஆள் காவலோடு பார்ப்பதோடு சரி. அதை நினைத்தால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய வக்கீல் ஜெயச்சந்திரன், முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு ஒரு சங்கதி சொன்னார்.

"எதை வேணா பேசுங்க. பட்டாசுன்னு மட்டும் வாயைத் திறக்காதீக. மருந்து ரூமுன்னு சொன்னீகளோ, கேசு அங்கனயே முடிஞ்சுரும்."

"அவளும் பட்டாசுக்குத்தான போறா?"

"அதான். அவ வக்கீல் நல்லசிவம் கிட்ட நேத்து டீக்கடையிலயே பேசியாச்சு. நீங்களும் சொல்லக் கூடாது, அவங்களும் சொல்லக் கூடாது. ரெண்டு பேருக்கும் ஆபத்தான வேலைன்னு பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டா யாருக்கு லாபம்?"

அதனால் மனுவில் முனியராஜ் தனியார் நிறுவன ஊழியர். பதில் மனுவில் வேல்விழியும் தனியார் நிறுவன ஊழியர். அவர்கள் மட்டுமா? அந்தக் கோர்ட்டில் இருந்த கேசுக் கட்டுகளை மட்டும் ஒருவர் படித்தால், இந்தச் சீமையில் பட்டாசு என்ற ஒரு பொருளே தயாராவதில்லை என்று சத்தியம் செய்வார்.

நீதிபதி லட்சுமிகாந்தம் அம்மாள் கும்பகோணம் பக்கத்துக்காரர். வந்து சில மாதங்கள்தான். கறாரானவர், ஆனால் கத்தமாட்டார். அவரைப் பற்றி ஜெயச்சந்திரன்தான் துப்புச் சொன்னார்: "ஜட்ஜம்மா மதுரையில ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்திருக்காக. பிள்ளைங்க மனசு சம்பந்தமா ஆராய்ச்சி எல்லாம் பாடம் எடுத்தாங்களாம். சினிமா மாதிரி போட்டுக் காட்டினாங்களாம். தாய் ரூமை விட்டு வெளிய போறா, திரும்பி வர்றா, பிள்ளை என்ன செய்யுதுன்னு பாக்கணுமாம். ஓடி வந்து கட்டிக்கிட்டா பாசம் உறுதி. தள்ளியே நின்னா சிக்கல். இப்ப அம்மா அதைத்தான் பாக்குறாக. பிள்ளை கிட்ட நல்லா சிரிச்சுப் பேசுங்க, என்ன?"

"பேச்சுக்கு எங்கிட்டயா பஞ்சம்?" என்றான் முனியராஜ்.

கேசு முடியும்வரை சனிக்கிழமை தோறும் காலையில் கோர்ட்டின் பிள்ளைகள் அறையில் மகளைப் பார்க்கலாம் என்று உத்தரவாகியிருந்தது. சுவரில் கிளி வரைந்த அறை. ஒரு பெஞ்சு, பிளாஸ்டிக் சமையல் சாமான், அமுக்கினால் கத்துகிற ஒரு ரப்பர் யானை. மூலையில் ஆலோசகர் ஐஸ்வர்யா உட்கார்ந்து, நடப்பதை எழுதிக்கொண்டிருப்பாள். படித்து முடித்து வந்த புதுசு. கண்ணில் பட்டது எதையும் விடமாட்டாள்.

தீபாவளி சீசன். போர்மேன் சீனிச்சாமியிடம் சனிக்கிழமை லீவு கேட்டால், "லோடு நிக்குது, நீ லீவு கேக்குற" என்று எரிந்து விழுந்தார். மருந்து வேலை முடிந்ததும் விடுவார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் பார்க்கிற நேரம் தாண்டிவிடும். ஆக, முனியராஜ் கம்பெனிக் குழாயில் கழுவி, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, காதிலும் புருவத்திலும் வெள்ளி மினுங்க பஸ் ஏறி வந்தான். பஸ் ஸ்டாண்டு குளியலறையில் முயற்சி பண்ணினான். அங்கே குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. கோர்ட்டு வாட்ச்மேன் மாரிசாமியிடம், பின்பக்கத் தொட்டியில் ஒரு குளியல் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"இது கோர்ட்டா, குத்தாலமா?" என்றார் மாரிசாமி.

ஆகவே அந்த அறைக்குள் வந்தது வெள்ளி மனுசன்தான். எழில் அவனைக் கண்டதும் எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எட்டி நின்றாள். அவனும் கையைப் பின்னால் கட்டினான்.

"நிலாவுல என்ன விசேஷம்?"

"அதை ஏன் கேக்குற ஆத்தா, நேத்து அங்கன மின்சாரம் போயிருச்சு. அதான் பாதி நிலா இருட்டா கிடந்துச்சு. லைன்மேனு ஏணியைத் தேடிக்கிட்டு இருக்காரு."

எழில் விழுந்து விழுந்து சிரித்தாள். நேரம் முடிந்ததும் அழாமல், திரும்பிப் பார்க்காமல் அம்மாவிடம் போனாள். இப்படியே வாரா வாரம். அவன் அவளை ஒரு தடவைகூடத் தொடவில்லை. அவளும் அவனை நெருங்கவில்லை. போகிறபோது ஐஸ்வர்யா, "அப்பாவைப் பார்த்ததில் சந்தோஷமா?" என்று கேட்டாள்.

"அப்பா இன்னிக்கும் வரலை" என்றாள் எழில்.

ஐஸ்வர்யாவின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதை அப்படியே எழுதியது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கேள்வி, அதே பதில்.

விசாரணை நாள் வந்தது. மருந்து வேலையை முடித்துவிட்டு, அதே வெள்ளி மினுங்க முனியராஜ் நேரே கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தான். இருளம்மாள் நெற்றி நிறைய திருநீற்றோடு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். எழில் பிள்ளைகள் அறையில். வேல்விழி அந்தப் பக்கம், தலையைக் குனிந்தபடி, அண்ணன் பக்கத்தில்.

நீதிபதி அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முனியராஜ், நான் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களிடம் குறை சொல்ல எனக்குக் காரணம் எதுவும் இல்லை. குடி இல்லை, அடி இல்லை. ஆனால் பிரிந்திருந்த பெற்றோரைத் திரும்பப் பார்க்கும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைப் பற்றி நிறைய ஆராய்ச்சி இருக்கிறது. உங்கள் மகள் உங்களிடம் வருவதே இல்லை. நீங்களும் கை நீட்டுவதில்லை. போகும்போது அழுவதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே..." அவர் சற்று நிறுத்தினார். "உங்களோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, 'அப்பா இன்னிக்கும் வரலை' என்று சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு வாரமும். உங்களை அப்பாவாகவே அந்தக் குழந்தை நினைக்கவில்லையோ என்று எனக்குப் படுகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை ராத்திரி தங்க அனுப்பினால் அது பயந்துபோகாதா?"

முனியராஜ் தன் நகக்கண்ணைப் பார்த்தான். அப்பா வரவில்லையா? வாரா வாரம் அந்தப் பிள்ளை காத்துக்கொண்டா இருந்தது? வெள்ளி மனுசனிடம் சிரித்துவிட்டு, உள்ளே இருக்கிற அப்பன் எப்போது வருவான் என்று பார்த்துவிட்டு, வராமல் போனதும் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறது! அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. வேல்விழியும் சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

விளங்கி என்ன பிரயோஜனம்? அதைச் சொன்னால் மருந்து ரூம் வெளியே வரும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். ஜெயச்சந்திரன் அவன் முகத்தைப் பார்த்ததுமே ஆபத்தை மோப்பம் பிடித்து, சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

முனியராஜ் சட்டையை விடுவித்துக்கொண்டு எழுந்தான்.

"அம்மா, எனக்கு ஒரு குளியல் வேணும்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. ஜெயச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை.

"எதற்கு?"

"குளிச்சாத்தான் அப்பா வெளிய வருவாரு அம்மா."

சிரிப்பு இன்னும் பெரிதானது. "ஏலே, ஒழுங்காச் சொல்லித் தொலையேன்!" என்று இருளம்மாள் பின்னாலிருந்து சத்தம் போட்டாள். முனியராஜ் ஒழுங்காகச் சொன்னான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன் என்று சொன்னான். இரண்டு கையையும் நீட்டி நகக்கண்ணைக் காட்டினான். வெள்ளி மனுசனைச் சொன்னான், வாசற்படியைச் சொன்னான், கையைப் பின்னால் கட்டிக்கொள்கிற ஒப்பந்தத்தைச் சொன்னான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு சேர்க்கையும் இல்லாமல் பேசியது அன்றைக்குத்தான். துரதிர்ஷ்டம் பாருங்கள், அவன் சொன்னதிலேயே பெரிய புளுகு மாதிரி இருந்தது அதுதான்.

வேல்விழியின் வக்கீல் நல்லசிவம் எழுந்தார். "அம்மா, இவர் ஊரில் கெளுத்தி மீனுக்கே குடை வாங்கிக் கொடுத்தவர். நிலா மனுசன் கதையை நம்பினால்..."

"உட்காருங்க" என்றார் நீதிபதி. "வேல்விழி, நீங்க சொல்லுங்க. இவர் சொல்றது உண்மையா?"

சங்கிலிமுத்து தங்கையின் முழங்கையைத் தொட்டான். இல்லை என்று ஒரு வார்த்தை போதும், கேசு அவள் பக்கம். அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். முனியராஜைப் பார்க்கவில்லை. நீதிபதியைப் பார்த்தே சொன்னாள்.

"நெசந்தாம்மா. அவுக குளிக்காம பிள்ளையைத் தொட மாட்டாக." கொஞ்சம் நிறுத்தி, "என்னையும்தான்" என்றாள்.

இந்த முறை சிரித்த சிரிப்பில் மேலே சுற்றிய ஃபேன்கூட ஒரு சுற்றுத் தப்பிச் சுற்றியது. வேல்விழிக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

நீதிபதி பக்கத்திலிருந்த காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். மதுரைப் பயிற்சியில் கொடுத்தது. எல்லோரும் காத்திருக்க, சாவகாசமாகப் புரட்டினார். அடியில் கோடு போட்டிருந்த இடங்களை விட்டுவிட்டு, போடாத இடங்களைப் படித்தார். வெகு நேரம் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஆராய்ச்சி ஒரு வயசுக் குழந்தைகளை வைத்துச் செய்தது. வெளிதேசத்தில், ஒரு கல்லூரி அறையில். எழிலுக்கு ஆறு வயசு. வேற தேசங்களில் செய்து பார்த்தபோது குழந்தைகள் வேற மாதிரி நடந்துகொண்டார்கள் என்றும் இதிலேயே போட்டிருக்கிறது. வகுப்பில் அதைச் சொல்லும்போது நான் தலையாட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது." அவர் முகத்தில் மெலிதாக ஒரு சிரிப்பு. "வேலை முடிந்து வந்த அப்பா குளித்துவிட்டு வந்தாரா என்று அங்கே யாரும் குறிக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது."

ஐஸ்வர்யா கலங்கிப்போய் எழுந்தாள். "அம்மா, நான் எழுதினது..."

"நீங்க எழுதினது வார்த்தைக்கு வார்த்தை சரி. அதனாலதான் இன்னிக்கு இது வெளியே வந்தது. அர்த்தம் சொல்றதுல நான் அவசரப்பட்டுட்டேன்." பிறகு வாசல் பக்கம் பார்த்தார். "மாரிசாமி, பின்னாலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா?"

குத்தாலத்தை நினைத்துக்கொண்ட மாரிசாமி எச்சில் விழுங்கினார். "இருக்கும்மா."

ஜெயச்சந்திரன் கறுப்புக் கோட்டோடு ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெயும் சோப்பும் வாங்கிவந்தார். அவர் வக்கீல் தொழிலில் தாக்கல் செய்ததிலேயே உருப்படியான சாமான்கள் அவைதான். குமாஸ்தாவின் மாற்று வேட்டி ஒன்று கிடைத்தது. கோர்ட்டுக்குப் பின்னால், வேப்ப மரத்தடித் தொட்டியருகே முனியராஜ் குந்தினான். இருளம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தம்பியின் முதுகில் ஏறாத குறையாகத் தேய்த்தாள். அடுத்த கேசுக்கு வந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாக நின்றார்கள். புருசனோடு ஜென்மப் பகை என்று வந்திருந்த ஒரு அம்மாள், புருசன் தோளைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, காதுக்குப் பின்னால தேயி. கோர்ட்டு பாக்குது."

பிள்ளைகள் அறைக்குப் போகும் நடையில் வந்து நின்றபோது முனியராஜின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நடையின் அந்தக் கோடியில் நீதிபதி நின்றார். வேல்விழி தூணை ஒட்டி நின்றாள். கையைப் பின்னால் கட்டப் போனவன், ஞாபகம் வந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். பிறகு,

"எழிலு... அப்பா வந்தாச்சு" என்றான்.

உள்ளே ரப்பர் யானை கத்துவது நின்றது. வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்து என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அவள் கால் தரையில் படவே இல்லை என்று மாரிசாமி இன்றைக்கும் சாதிக்கிறார். எப்படியோ, வயிற்றில் வந்து மோதிய வேகத்தில் முனியராஜ் நடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

எழில் அவன் காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள்.

"எம்புட்டு நாளா உள்ளேயே இருந்தீக? அந்த வெள்ளி மனுசன் சரியில்லப்பா. வாரா வாரம் வர்றான், கதையை மட்டும் சொல்லிட்டு உங்களை விடாமப் போயிடுறான். இனிமே அவன் கூடப் பேசாதீக!"

"பேச மாட்டேன் ஆத்தா" என்றான் முனியராஜ். குளித்த தண்ணீர் முகத்தில் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. அதில் எது குளித்த தண்ணீர் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆனால் கேசு அதோடு முடிந்துவிடுமா? திரும்ப உள்ளே போய் உட்கார்ந்ததும் நீதிபதி கேட்டார்: "மருந்து கலக்குகிற வேலை ஆபத்தில்லையா?"

"ஆபத்துதாம்மா. இல்லைன்னா நான் ஏன் இம்புட்டுக் குளிக்கப் போறேன்?"

"வேல்விழி, நீங்க?"

"நானும் பட்டாசுதாம்மா. திரி வைக்கிறேன்."

இரண்டு வக்கீல்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார்கள். நீதிபதி ஒரு பெருமூச்சு விட்டார். "வேலையைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வேன் என்று எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். அப்படிப் பிடுங்க ஆரம்பித்தால் இந்த மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகளை நான்தான் வளர்க்க வேண்டும். இன்னும் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் சொன்னதில் எனக்கு நன்றாகப் பதிந்தது இது: தாயும் தகப்பனும் பிரிவதைவிட, ஓயாமல் மல்லுக்கட்டுவதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது. அது உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று உங்களைத்தான் கேட்க வேண்டும். வேல்விழி, பிள்ளை வாரக்கடைசியில் அங்கே போனால் உங்களுக்கு என்ன பயம்?"

வேல்விழி யோசித்தாள். "பிள்ளையைப் பாத்துக்கிறதுல பயமில்லம்மா. அங்கன என்ன நடந்தாலும் எனக்கு நெசம் வராது. அதான் பயம். கையில பொறி பட்டுட்டு, ஆடு முட்டுச்சுன்னு சொன்னவுக."

எல்லோரும் முனியராஜைப் பார்த்தார்கள். மேலும் ஒரு வேடிக்கைப் பேச்சு அவன் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான்.

"ஆடு முட்டலை" என்றான், வேல்விழியைப் பார்த்து. "பொறி தெறிச்சுச்சு. ஓடி வந்துட்டேன். மறுநாளு செம்புத் தகட்டை மூணு தடவை தொட்டுட்டுத்தான் உள்ள போனேன். உன் கிட்டச் சொன்னா நானே பயந்துருவேன்னு இருந்துச்சு."

வேல்விழி நீதிபதி பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போகட்டும்மா" என்றாள்.

உத்தரவு அப்படியே ஆனது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், தகப்பன் வேலை முடிந்து வீட்டில் குளித்த பின்பு, பிள்ளையை அழைத்துச் செல்லலாம். தகப்பன் குளிக்க வேண்டும் என்று கோர்ட்டு எழுத்தில் உத்தரவு வாங்கிய ஒரே ஆள் தமிழ்நாட்டில் முனியராஜாகத்தான் இருப்பான் என்று ஜெயச்சந்திரன் சொல்லிக்கொண்டு திரிகிறார். பிள்ளைகள் அறையை ஒட்டி ஒரு குழாயும் குளியலறையும் கட்டச் சொல்லி நீதிபதி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார் என்றும் கேள்வி. அடுத்த தடவை மதுரைப் பயிற்சிக்குப் போனபோது, ஒவ்வொரு ஆராய்ச்சியையும் பற்றி, "இது யாருடைய பிள்ளைகள்? அவர்கள் அப்பா அம்மாவுக்கு என்ன வேலை?" என்று எழுந்து எழுந்து கேட்டதில் மற்ற நீதிபதிகளுக்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனதாம். இப்போது கோர்ட்டில் முதல் கேள்வியே, "வேலைக்கு எப்போது போவீர்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். தனியார் நிறுவன ஊழியர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பட்டாசும் தீப்பெட்டியும் அச்சாபீசும் கேசுக் கட்டுகளுக்குள் வர ஆரம்பித்திருக்கின்றன.

முதல் வெள்ளிக்கிழமை, முனியராஜ் தலையைப் படிய வாரிக்கொண்டு சூலக்கரைக்கு வந்தான். பஸ் நிறுத்தத்தில் வேல்விழி பையோடு நின்றாள். எழில் பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தாள்.

"சளி பிடிச்சிருக்கு. தலைக்கு ஊத்திராதீக. திங்கக்கிழமை யூனிபார்ம் பைக்குள்ள அடியில இருக்கு. கசங்குச்சுன்னா டீச்சர் என்னையத்தான் திட்டுவாக."

"சரி."

"இன்னிக்கு வேலை எப்படி?"

முனியராஜ் வாயைத் திறந்தான். நல்ல வாகான ஒரு புளுகு தயாராக இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு, "ஒரு தட்டு கை தவறிருச்சு. ஒண்ணும் ஆகலை. ஆனாலும் பக்குன்னு ஆயிருச்சு. பேக்கிங்குக்கே திரும்பிரலாமான்னு போர்மேன் கிட்டக் கேட்டிருக்கேன். சீசன் முடியட்டும்னாரு" என்றான்.

வேல்விழி அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள், எங்கேயாவது தையல் பிரிகிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு பையை அவன் தோளில் மாட்டினாள்.

பஸ் வந்து நின்றது. எழில் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்தாள். முனியராஜ் படியில் கால் வைத்ததும் வேல்விழி கூப்பிட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை கொஞ்சம் முந்தியே வாங்க. அண்ணன் வேலைக்குப் போயிருக்கும். டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"சீனி தூக்கலாவா?" என்று அவன் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.